மூலைக்குத் தலைக்கல்: 'ஆகாது' என்ற சொல்லிலிருந்து பிறந்த பட்டம்

வேலூர்ப் பக்கத்தில் கருங்கல்லில் கடைக்கால் எழுப்பும் இடத்தில் சற்று நேரம் நின்றவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். லாரி கொட்டிவிட்டுப் போன குவியலுக்கு முன்னால் கொத்தனார் நிற்பார். ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் அதை எடுக்கச் சொல்லிச் சித்தாளுக்குக் கை காட்டுவார். ஓசை மந்தமாக இருந்தாலோ, முகம் கோணியிருந்தாலோ, "இது ஆகாது" என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவார். வேலைத்தளத்தில் அந்தச் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. 118-ஆம் சங்கீதத்தின் 22-ஆம் வசனத்தைத் தமிழாக்கியவர்கள் கொத்தனாரின் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்: "வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று."

கிறிஸ்துவுக்குப் புதிய ஏற்பாடு சூட்டும் 'மூலைக்கல்' என்ற பட்டம் இந்த வசனத்திலிருந்தும், ஏசாயா 28-ஆம் அதிகாரத்திலிருந்தும் வருகிறது. நம் சபைகளில் இதற்குப் பெரும்பாலும் 'உறுதி', 'அசையாத அஸ்திபாரம்' என்று பொருள் சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். ஏசாயாவை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தப் பொருள் போதும். ஆனால் இயேசு தம் வாயால் எடுத்துச் சொன்னது ஏசாயாவை அல்ல, சங்கீதத்தை. சங்கீதத்தின் கல் முதலில் ஒரு தீர்ப்புக்கு உள்ளான கல். அந்தத் தீர்ப்பைக் கழித்துவிட்டு உறுதியை மட்டும் வைத்துக்கொண்டால், பட்டத்தில் பாதி எடை போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் இந்தச் சொல்லைச் சுற்றி ஒரு குழப்பமும் உண்டு. பழைய ஆலயங்களின் முகப்பில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், ஆண்டும் பேராயர் அல்லது மிஷனெரியின் பெயரும் பொறித்த பலகைக் கல் ஒன்றைப் பதித்திருப்பார்கள். அதை அடிக்கல் என்றும் மூலைக்கல் என்றும் மாற்றி மாற்றி அழைக்கிறோம். அது நினைவுக் கல். நாளைக்கே பெயர்த்தெடுத்தாலும் சுவர் அப்படியே நிற்கும். வேதாகமம் பேசும் மூலைக்கல் சுமக்கிற கல். கல்சுவர் கட்டும்போது முதலில் வைப்பது மூலைகளைத்தான். வரிசையின் நடுவில் போகும் கல்லுக்கு வெளியே தெரியும் ஒரு முகம் செம்மையாக இருந்தால் போதும். மூலைக்குப் போகும் கல்லுக்கு இரண்டு முகங்களும் சதுரமாக, மூலைமட்டத்தில் இடைவெளி காட்டாமல் இருக்கவேண்டும். ஒரு கல்லின் நீளம் கிழக்குச் சுவரோடு ஓடினால், அதன்மேல் வரும் கல்லின் நீளம் தெற்குச் சுவரோடு ஓடவேண்டும். அப்படி ஒன்று மாற்றி ஒன்று கவ்வினால்தான் சுவர்கள் பிரியாமல் நிற்கும். மூலைகள் நின்ற பிறகே அவற்றுக்கிடையே நூல் கட்டி நடுவை நிரப்புவார்கள். மூலை அரை அங்குலம் விலகினால், நூலும் அந்த அரை அங்குலத்தோடு சேர்ந்து விலகும், சுவர் முழுவதும். வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலை அகழிக்கு இப்பாலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மதில் திரும்புகிற இடத்தில்தான் கட்டியவனின் கை தெரியும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏசாயா பேசும் கல் இத்தகையது. அசீரியப் பேரரசின் மிரட்டலுக்கு அஞ்சி எகிப்தின் துணையைத் தேடிக்கொண்டிருந்த எருசலேமின் ஆட்சியாளர்களிடம், மரணத்தோடே நீங்கள் உடன்படிக்கை செய்துகொண்டீர்கள் என்று இடித்துரைத்துவிட்டு, தீர்க்கதரிசி சீயோனில் வைக்கப்படும் ஒரு கல்லை அறிவிக்கிறார். அது பரீட்சிக்கப்பட்டது, விலையேறப்பெற்றது, திட அஸ்திபாரமுள்ளது. 'பரீட்சிக்கப்பட்ட' என்ற இடத்தில் எபிரெயத்தில் 'போகன்' என்ற சொல் இருக்கிறது. அதைச் சோதித்துத் தேர்ந்த கல் என்று கொள்பவர்களும் உண்டு. எகிப்தியர் சிற்பங்களுக்குப் பயன்படுத்திய ஒருவகைக் கடினக் கல்லின் பெயரிலிருந்து வந்தது என்று கருதுபவர்களும் உண்டு. எப்படியானாலும் அது தட்டிப் பார்த்து ஏற்கப்பட்ட கல். நம் சிற்பிகள் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று வகை பிரிக்கும் பழைய வழக்கம் இங்கே நினைவுக்கு வரும். அடுத்த வசனத்திலேயே கட்டட வேலை தொடர்கிறது: "நான் நியாயத்தை நூலும், நீதியைத் தூக்குநூலுமாக வைப்பேன்." மூலைக்கல் வைத்ததும் நூல் பிடிப்பதும் தூக்குக் குண்டு விடுவதும்தானே அடுத்த வேலை. எபிரெயக் கவிஞன் கட்டடம் கட்டுவதை நேரில் பார்த்தவன் என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

சங்கீதத்தின் கல் வேறு வகை. ஏசாயாவின் கல் ஏற்கப்பட்டது, இதுவோ தள்ளப்பட்டது. அபாயத்தின் விளிம்புவரை போய்த் திரும்பிய ஒருவர், ஆலய வாசலில் வந்து நின்று, நீதியின் வாசல்களைத் திறவுங்கள் என்று கேட்கும் பாட்டு இது. அவர் தம்மைப் பற்றியோ தம் மக்களைப் பற்றியோ சொல்லும் உவமைதான் தள்ளின கல். யூத மரபில் இதற்கு இரண்டு வாசிப்புகள் நிலைத்தன. இடைக்கால உரையாசிரியர் ராஷி, நாடுகளுக்குள்ளே அற்பமாகக் கருதப்பட்ட இஸ்ரவேல் மக்களே அந்தக் கல் என்றார். சங்கீதத்தின் அரமேயப் பெயர்ப்போ கல்லை ஒரு பிள்ளையாகவே மாற்றிவிடுகிறது: ஈசாயின் குமாரர்களுக்குள்ளே கட்டுகிறவர்கள் விட்டுவிட்ட பிள்ளை, அரசனாகத் தகுதி பெற்றான். சாமுவேல் வீட்டுக்கு வந்து மூத்த மகன்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டியைக் கூப்பிடவேண்டும் என்று தகப்பனுக்கே தோன்றாத கதை அது.

கல் எப்படிப் பிள்ளையாகும் என்று கேட்கலாம். எபிரெயத்தில் கல்லுக்கு 'எபென்', மகனுக்கு 'பென்'. இந்த ஓசை நெருக்கத்தை வைத்துப் பார்த்தால், திராட்சத்தோட்டக் குத்தகைக்காரர் உவமையின் முடிவில் இயேசு ஏன் சட்டென்று தோட்டத்தை விட்டுவிட்டுக் கல்லுக்குத் தாவுகிறார் என்பது விளங்கும். தோட்டத்து எஜமான் கடைசியாகத் தன் மகனை அனுப்புகிறான். குத்தகைக்காரர் அவனைக் கொன்று வெளியே தள்ளுகிறார்கள். உடனே, "வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்" என்ற வசனத்தை நீங்கள் வாசிக்கவில்லையா என்ற கேள்வி வருகிறது. தமிழில் படிக்கும்போது உவமை மாறிவிட்டதுபோல் தெரிகிறது. எபிரெயக் காதுக்கு அது அதே மகன்தான்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் மூப்பரும். 'கட்டுகிறவர்கள்' என்பது அவர்களுக்கு அந்நியமான பெயரன்று. வேத அறிஞர்களைக் கட்டுகிறவர்கள் என்று மதிப்போடு அழைப்பதை யூத ரபிமாரின் நூல்களிலும் காண்கிறோம். சாக்கடல் ஓரத்தில் ஒதுங்கி வாழ்ந்த யூதப் பிரிவான கும்ரான் குழுவினரோ தங்கள் எதிராளிகளைச் 'சுவர் கட்டுகிறவர்கள்' என்று இகழ்ச்சியாக எழுதிவைத்தார்கள். ஏசாயாவின் மூலைக்கல்லைத் தங்கள் குழுவுக்கே உரியதாக்கிக்கொண்டார்கள். ஆக, யார் கட்டுகிறவர், எது கல் என்ற வழக்கு இயேசுவுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அது நடந்த இடத்தையும் கவனிக்கவேண்டும். உவமை சொல்லப்பட்டது ஏரோது விரிவாக்கிய ஆலயத்தின் வளாகத்தில். மாற்கு சுவிசேஷத்தில் அடுத்த அதிகாரம் திறந்ததுமே சீஷர்களில் ஒருவர் அந்த ஆலயத்தின் கற்களைக் காட்டி வியக்கிறார். வியப்பில் தவறில்லை. மேற்கு மதிலில் இன்றும் இருக்கும் ஒரு கல்லின் நீளம் சுமார் 13.6 மீட்டர்.

சங்கீதத்தின் கிரேக்கப் பெயர்ப்பு 'தள்ளின' என்பதற்குப் பயன்படுத்தும் வினைச்சொல்லுக்கு, சோதித்துப் பார்த்துத் தகாது என்று விலக்குதல் என்பது பொருள். கவனக்குறைவால் ஓரத்தில் கிடந்த கல்லல்ல அது. தொழில் தெரிந்தவர்கள் தட்டிப் பார்த்து, யோசித்து, ஆகாது என்று சொன்ன கல். எனவேதான் தமிழின் 'ஆகாதென்று' என்ற சொல்லை நான் மெச்சுகிறேன். வெறுமனே 'தள்ளின கல்' என்று எழுதியிருந்தால் அந்தப் பரிசோதனை மறைந்துபோயிருக்கும். எருசலேமில் பேதுரு அதே ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசும்போது (அப்போஸ்தலர் 4:11) வசனத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்: "வீடுகட்டுகிறவர்களாகிய உங்களால்." சங்கீதத்தில் பொதுவாக நின்ற வாக்கியம் அந்த 'உங்களால்' என்ற ஒரே சொல்லில் குற்றச்சாட்டாகிறது.

சாலொமோன் ஆலயம் கட்டும்போது உருவம் பொருந்தாமல் ஒதுக்கிப் போட்ட ஒரு கல் கடைசியில் மூலைக்குப் பொருந்தியது என்று பிரசங்கங்களில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. நல்ல கதைதான், வேதாகமத்தில் அது இல்லை. கற்கள் வெட்டிய இடத்திலேயே செம்மையாக்கப்பட்டு வந்ததால் ஆலயம் எழும்பும்போது சுத்தியல் சத்தம் கேட்கவில்லை என்பது மட்டுமே 1 இராஜாக்கள் 6:7 தரும் செய்தி.

இனி, அந்தக் கல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. அறிஞர்கள் நூறாண்டாக விவாதித்துவரும் கேள்வி இது. 'ரோஷ் பின்னா' என்ற எபிரெயத் தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'மூலையின் தலை'. தலை என்றால் உச்சியா, முதன்மையா? ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் யெரெமியாஸ் 1920-களில், இது கட்டடத்தின் உச்சியில் கடைசியாக வைத்து வேலையை முடிக்கும் கல் என்று வாதிட்டார். அவருக்குக் கைகொடுத்த சான்றுகளில் ஒன்று 'சாலொமோனின் ஏற்பாடு' என்ற பழைய கிரேக்க நூல்: ஆலயம் முடியும் தறுவாயில் எவராலும் அசைக்கமுடியாத பெருங்கல் ஒன்றை ஒரு காற்றுப் பேய் தூக்கிக்கொண்டு போய் மூலையின் தலையில் வைக்கிறது, சாலொமோன் சங்கீத வசனத்தைச் சொல்கிறான். மறுதரப்பார் ஏசாயாவைக் காட்டினார்கள். அங்கே அஸ்திபாரம் என்றே சொல்லியிருக்கிறது. கிரேக்கப் பெயர்ப்பு அந்த மூலைக்கல்லுக்கு இட்ட சொல்லைத்தான் எபேசியர் நிருபமும் எடுத்தாள்கிறது. எனவே அது அடியில் இருக்கும் கல்.

தமிழ் வேதாகமம் இந்த வழக்கில் வேண்டுமென்றோ தற்செயலாகவோ இரு பக்கமும் நிற்கிறது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்து இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் பெயர்ப்பு, சங்கீதத்தில் 'மூலைக்குத் தலைக்கல்' என்றும், ஏசாயாவிலும் எபேசியரிலும் 'மூலைக்கல்' என்றும், பூமிக்கு அஸ்திபாரம் போட்டதைப் பேசும் யோபு 38:6-இல் 'கோடிக்கல்' என்றும், சகரியா 4:7-இல் செருபாபேல் ஆர்ப்பரிப்போடு கொண்டுவரும் கல்லைத் 'தலைக்கல்' என்றும் பிரித்துப் பிரித்து எழுதியது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பு சங்கீதத்திலும் சுவிசேஷங்களிலும் 'மூலைக்கல்' என்று சுருக்கிக்கொண்டது. வாசிக்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் 'தலை' போய்விட்டது, அதோடு கேள்வியும் போய்விட்டது. பழைய பெயர்ப்பின் கரடுமுரடு இங்கே பயனுள்ள கரடுமுரடு.

மூலையின் உச்சியில் ஒரு முக்கியமான கல் இருக்கமுடியுமா என்று ஐயப்படுவோருக்கு எருசலேம் மண்ணே ஒரு பதில் வைத்திருந்தது. இஸ்ரேலியத் தொல்லியலாளர் பெஞ்சமின் மாசார் 1968-இல் தொடங்கிய அகழாய்வில், ஆலய வளாகத்தின் தென்மேற்கு மூலையின் அடிவாரத்தில், கி.பி. 70-இல் ரோமர் இடித்துத் தள்ளிய குவியலுக்குள், மேலிருந்து விழுந்த ஒரு கல் கிடைத்தது. 'எக்காளம் ஊதும் இடத்துக்கு' என்று அதில் எபிரெயத்தில் பொறித்திருந்தது. ஓய்வுநாள் தொடக்கத்தை அறிவிக்க ஆசாரியன் நின்று ஊதிய மூலையின் உச்சிக்கல் அது என்று கொள்கிறார்கள். சங்கீதக்காரனுக்குப் பல நூற்றாண்டு பிந்திய கல் என்பதால் சங்கீதத்தின் பொருளை அது தீர்த்துவைக்காது. ஆனால் இயேசு அந்த வசனத்தைச் சொன்ன நாளில், ஊரார் அண்ணாந்து பார்க்கும் ஒரு மூலைத் தலை அங்கே இருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், ஏசாயாவிலும் எபேசியரிலும் கல் அடியில் இருக்கிறது. சங்கீதத்தில், முன்பு தள்ளப்பட்டுப் பிறகு உயர்த்தப்பட்டது என்ற நகர்வு முக்கியமாகையால், உச்சி என்ற பொருளுக்கே இடம் அதிகம். இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டியதில்லை. லூக்கா 20:18 தயக்கமே இல்லாமல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: அந்தக் கல்லின்மேல் விழுகிறவன் நொறுங்கிப்போவான், அது எவன்மேல் விழுமோ அவனை நசுக்கிப்போடும். காலில் இடறும் கல் தரையில் கிடக்கவேண்டும். தலையில் விழும் கல் மேலே இருக்கவேண்டும்.

எபேசியர் 2-ஆம் அதிகாரம் இந்தப் பட்டத்துக்கு இன்னொரு வேலையைக் கொடுக்கிறது. யூதர், புறஜாதியார் என்ற இருதிறத்தாரையும் பற்றி அந்த அதிகாரம் பேசுகிறது. முதலில் 'பிரிவினையாகிய நடுச்சுவர்' தகர்க்கப்படுகிறது. பிறகு மூலைக்கல்லில் மாளிகை முழுவதும் இசைவாய் இணைக்கப்படுகிறது. நடுச்சுவர் வெறும் உருவகமல்ல. எருசலேம் ஆலயத்தில் புறஜாதியார் தாண்டக்கூடாத தடுப்பு ஒன்று இருந்தது; தாண்டினால் வரும் சாவுக்குத் தாண்டியவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. தமிழ் வேதாகமம் வெளிவந்த அதே ஆண்டு. ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் தம் பிரசங்கங்களில் இந்தப் படத்தை இன்னும் விரித்தார்: யூதர் ஒரு சுவர், புறஜாதியார் ஒரு சுவர், வெவ்வேறு திசையிலிருந்து ஓடிவந்து மூலையில் சந்திக்கின்றன, பக்கத்து வயலிலிருந்து வந்த மேய்ப்பர்கள் ஒரு சுவரின் முதற்பலன், தூரதேசத்திலிருந்து வந்த சாஸ்திரிகள் மறு சுவரின் முதற்பலன். மூலைமட்டத்தோடு வேலை செய்பவருக்கு இது உடனே பிடிபடும். ஒரே திசையில் ஓடும் இரண்டு சுவர்களுக்கு மூலை கிடையாது. வேறு திசையிலிருந்து வருவதால்தான் மூலை தேவைப்படுகிறது.

வட ஆற்காட்டில் இந்த வசனங்கள் வெற்றிடத்தில் விழவில்லை. ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் சார்பில் தொடங்கிய ஆற்காடு மிஷனின் சபைகள், தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கரோடும் மெதடிஸ்டுகளோடும் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. வெவ்வேறு திசையிலிருந்து வந்த சுவர்கள் என்று அந்த நாளை வர்ணிக்க எபேசியர் நிருபம் தயாராகவே இருந்தது. ஆனால் சபைப் பிரிவுகளைவிடக் கடினமான சுவர் வேறொன்று. இந்தப் பகுதிக் கிராமச் சபைகளில் பெரும்பாலோரின் முன்னோர், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட சமூகத்தார். கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் 'ஆகாது' என்ற சொல்லை நேராகக் கேட்டவர்கள். 1980-களில் சென்னையின் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியை மையமாக வைத்து அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலை உருவாக்கியபோது, தள்ளப்பட்ட கிறிஸ்துவைப் பற்றிப் பேசியது இந்த மக்களுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது. சங்கீதத்தை வாசிக்கக் கேட்ட பாட்டிகள் அதைத் தம் அளவில் முன்பே பொருத்திப் பார்த்திருப்பார்கள்.

இந்த வாசிப்பை ஏற்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சங்கீதம் தள்ளப்படுதலைப் புகழவில்லை. தள்ளியவர்களின் மட்டம் தவறு என்கிறது. அந்தக் கல் மூலைக்கு வந்தது இரக்கத்தால் கிடைத்த ஒதுக்கீட்டால் அல்ல; இரண்டு முகமும் சதுரமாக இருந்த கல் அது, பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. ஏசாயாவின் ஏற்கப்பட்ட கல்லையும் சங்கீதத்தின் தள்ளின கல்லையும் பேதுருவின் முதல் நிருபம் (2:4-8) ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைப்பதன் காரணமும் இதுவே. மனுஷரால் தள்ளப்பட்டது, தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டது; ஒரே கல்லின்மேல் இரண்டு பரிசோதனை, இரண்டு முடிவு. அதோடு நிறுத்தாமல் ஏசாயா 8-ஆம் அதிகாரத்தின் இடறுதலின் கல்லையும் அதே பேச்சில் சேர்த்துக்கொள்கிறது அந்த நிருபம். 'கல்' என்று பெயர் பெற்ற அப்போஸ்தலனின் பெயரால் வழங்கும் நிருபம், கல் என்ற பட்டத்தை முழுவதுமாக கிறிஸ்துவுக்குக் கொடுத்துவிட்டு, வாசிக்கிறவர்களையெல்லாம் 'ஜீவனுள்ள கற்கள்' என்று அழைப்பதும் கவனிக்கத்தக்கது.

குருத்தோலை ஞாயிறு பவனியில் பிள்ளைகள் பாடும் 'ஓசன்னா', 118-ஆம் சங்கீதத்தின் 25-ஆம் வசனம்: "இரட்சியும்" என்ற விண்ணப்பம். "கர்த்தருடைய நாமத்தினாலே வருகிறவர்" என்பது 26-ஆம் வசனம். பஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் பாடும் துதிப்பாடல் வரிசை, 113 முதல் 118 வரை, இந்தச் சங்கீதத்தோடுதான் முடிகிறது. தள்ளின கல் 22-ஆம் வசனத்தில் இருக்கிறது. கூட்டம் ஓலைகளோடு 25-ஆம் வசனத்தைப் பாடிய சில நாட்களுக்குள், இயேசு மூன்று வசனம் மேலே போய் ஆசாரியர்களிடம் அதை எடுத்துக்காட்டினார். வேலூர்த் தெருக்களில் ஓலை பிடித்து நடக்கும் பவனி பெரும்பாலும் 25-லிருந்தே பாடத் தொடங்குகிறது.